முந்நூற்றுப் பதினெட்டுப் பேருக்குப் போன் செய்தவள்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைப் போனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்தபோது அவள் இதயநோய் வார்டில் எழுத்தர். யாருக்கு எந்தக் கட்டில், யார் இன்று வீட்டுக்குப் போகலாம், யாருடைய எக்ஸ்ரே எந்த மாடியில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. முப்பத்தைந்தாவது வயதில் பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டு வேறு ஒரு வேலை கொடுத்தார். அந்த ஒரு வருடத்தில் அவருடைய பிரிவில் பைபாஸ் செய்துகொண்டவர்கள் முந்நூற்றுப் பதினெட்டுப் பேர். ஆபரேஷன் நடந்த மாதம் திரும்பி வரும்போதெல்லாம் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, எப்படி இருக்கிறார் என்று கேட்டு எழுத வேண்டும். இருபது வருடத்துக்கு.

"இருபது வருஷமா சார்?" என்றாள்.

"வீட்டுக்குப் போற அன்னிக்கு எல்லாரும் சிரிச்சிக்கிட்டேதான் போறாங்க. அதுக்கப்புறம் என்ன ஆவறாங்கன்னு நமக்கு யாரு சொல்றா? நல்லா இருக்கறவங்க திரும்பி வரமாட்டாங்க. செத்தவங்களும் வரமாட்டாங்க" என்றார் டாக்டர்.

மூன்றாம் மாடியின் கோடியில், உடைந்த சலைன் ஸ்டாண்டுகளைப் போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். ஒரு மேசை, ஒரு போன், ஓர் இரும்பு அலமாரி. ஜன்னலுக்கு வெளியே சலவைக்கூடம். பச்சைத் தாளில் பதினாலு கேள்விகள் அச்சாகியிருந்தன. நெஞ்சு வலி வருகிறதா, நிற்காமல் ஒரு மாடி ஏற முடிகிறதா, மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறீர்களா, வேலைக்குத் திரும்பினீர்களா, தூக்கம் எப்படி, ஞாபகம் எப்படி. மொத்தத்தில் எப்படி இருக்கிறீர்கள் என்ற கடைசிக் கேள்விக்கு நான்கு கட்டங்கள்: மிக நன்று, நன்று, பரவாயில்லை, மோசம். டாக்டர் சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்று. யோசனை சொல்லக் கூடாது. வலி இருக்கிறது என்றால் உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லலாம். மற்றபடி கேட்பதும் எழுதுவதும்தான்.

முதல் வருடம் அவளுக்கு வேலை செய்வது போலவே தோன்றவில்லை. போனை எடுத்தவர்களில் பாதிப் பேர் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "புது ஆளாயிட்டேன் மேடம்." தும்மல் வந்தால் நெஞ்சில் தலையணையை அணைத்துக்கொண்டு தும்முகிற கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். ஒரு முடிதிருத்துகிறவர் மட்டும் ரகசியமாகக் கேட்டார்: "நெஞ்சைப் பொளந்து பாத்தாங்களே, உள்ள என் பொண்டாட்டி இருந்தாளான்னு டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க மேடம். வீட்ல தினம் சண்டை." அவள் சிரித்துக்கொண்டே ‘மிக நன்று’ கட்டத்தில் குறி போட்டாள்.

மூன்றாவது, நான்காவது வருடங்களில் குரல்கள் மாறின. போன் அடிக்கும், யாரோ எடுப்பார்கள், அவள் நோயாளியின் பெயரைச் சொல்லிக் கேட்பாள். அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இருக்காது. அந்த ஒரு நொடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். பச்சைத் தாளின் பின்பக்கம் திருப்பி, இறந்த தேதி, காரணம் என்ற இரண்டு கோடுகளை நிரப்புவாள். அதற்குமேல் என்ன பேசுவது என்று தாளில் எதுவும் போட்டிருக்கவில்லை. "சரிங்க" என்பாள். போனை அவளாக வைக்க மாட்டாள். சில மனைவிமார்கள் அரை மணி நேரம் பேசுவார்கள். தேதியும் காரணமும் மட்டும் தாளில் ஏறும்.

அந்த நான்காவது வருடத்தில்தான் கணக்கு வாத்தியார் போனார். அவள் பட்டியலிலேயே ஒழுங்கான மனிதர் அவர்தான். தினம் நாற்பத்தைந்து நிமிடம் நடப்பார். ரத்த அழுத்தத்தைத் தேதிவாரியாக எழுதி வைத்து, பரீட்சை மார்க்கு மாதிரி அவளிடம் வாசித்துக் காட்டுவார். மாத்திரையை ஒரு வேளை தவறவிட்டதில்லை. காலை நடை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது விழுந்தாராம். அதே வாரம் பட்டியலில் இருந்த ஒரு லாரிக்காரருக்குப் போன் செய்தாள். பின்னால் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

"புகை பிடிக்கிறீங்களா?" என்று கேள்வியைப் படித்தாள்.

"இப்ப உன்கூடப் பேசிக்கிட்டே ஒண்ணு பத்த வச்சிருக்கேன் தங்கச்சி. எழுதிக்க."

"நெஞ்சு வலி?"

"அதெல்லாம் எதுவும் இல்ல. அதையும் எழுதிக்க."

அவளுக்குத் தாங்கவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குப் போனாள்.

"சொன்ன பேச்சக் கேட்டவங்க, கேக்காதவங்கன்னு மொத்தமாப் பிரிச்சுப் பாத்தா வித்தியாசம் நல்லாத் தெரியும்மா" என்றார் அவர். "ஒருத்தர் ஒருத்தராப் பாத்தா எதுவும் சொல்ல முடியாது."

"நான் ஒருத்தர் ஒருத்தராத்தானே சார் போன் பண்றேன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நிபந்தனையை அவள் ஒரே ஒரு தடவை மீறினாள். ஏழாம் வருடம். ஒரு தையல்காரரின் மனைவி போனிலேயே அழுதாள். "நல்லாத்தானே இருக்கேன்னு மாத்திரையெல்லாம் நிறுத்திட்டாருங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு." போனை அவரிடம் கொடுக்கச் சொல்லி, போனக்கா ஒரு பிடி பிடித்தாள். "ஏன் நல்லா இருக்கீங்க? மாத்திரை போட்டதாலதான நல்லா இருக்கீங்க? சட்டைக்குத் தையலப் பிரிச்சு விட்டா நிக்குமா?" என்று கத்தினாள். அவர் அடங்கிப்போய், "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்றார். அடுத்த வருடம் அவரே போனை எடுத்தார். "நீங்க திட்டினதுக்கப்புறம் பதினஞ்சு நாள் போட்டேன். அப்புறம் விட்டுட்டேன். கோவிச்சிக்காதீங்க." கோபித்துக்கொள்ள அவளுக்கு என்ன உரிமை இருந்தது? ‘இல்லை’ கட்டத்தில் குறி போட்டாள்.

பதினோராம் வருடம் அவள் கணவருக்கே பைபாஸ் செய்ய வேண்டி வந்தது.

அவர் பஸ் பணிமனையில் டயர் பிரிவில் இருந்தார். பஸ் சக்கரத்தை ஒற்றை ஆளாக நிமிர்த்தி, குழந்தையை நடத்துவது போல உருட்டிக்கொண்டு போவார். பணிமனையில் அவருக்கு ஜாக்கி என்று பெயர். அவர் பக்கத்தில் இருந்தால் வண்டியைத் தூக்க ஜாக்கி வேண்டாம் என்று கேலி. ஒரு நாள் சக்கரத்தின் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது இடது கை மரத்துப்போய், முதுகில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல இருந்ததாம். பெரிய டாக்டரேதான் ஆபரேஷன் செய்தார். ஓய்வு பெறுவதற்குமுன் அவர் செய்த கடைசிச் சில ஆபரேஷன்களில் அது ஒன்று. நான்கு இடத்தில் மாற்றுப் பாதை. ஒன்றுக்கு நெஞ்சிலிருந்தே ரத்தக்குழாய், மற்ற மூன்றுக்கும் காலிலிருந்து எடுத்தது.

ஆபரேஷன் அறைக்கு வெளியே மற்றவர்கள் எல்லாம் பிழைப்பாரா என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு அந்தப் பயம் அவ்வளவாக இல்லை. முதல் மாதம், முதல் வருடம் என்னவாகும் என்று அவளுக்குத் தெரியும். மூன்றாம் வருடம் நடையை நிறுத்துவார்கள். ஐந்தாம் வருடம் மாத்திரையை. பத்தை நெருங்கும்போது காலிலிருந்து எடுத்த குழாய்கள் ஒவ்வொன்றாக மக்கர் பண்ணும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நீ இங்க இருக்கறதால எனக்கு தைரியமா இருக்கு. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றாள். போனக்காவுக்கு அந்தக் கையை உதறிவிட்டு எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

முந்நூற்றுப் பதினெட்டில் அவர் சேர்த்தி இல்லை. அந்தப் பட்டியல் அந்த ஒரு வருடத்தோடு மூடியது. இருந்தாலும் ஆபரேஷன் ஆகி ஒரு வருடம் முடிந்த அன்று, விளையாட்டாக ஒரு பச்சைத் தாளை வீட்டுக்கு எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள்.

"மொத்தத்துல எப்படி இருக்கீங்க?"

"புது ஆளாயிட்டேன் மேடம்" என்றார், போன் காதில் இருப்பது போலக் கையை வைத்துக்கொண்டு. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனபிறகும் அவள் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

பணிமனையில் அவரைச் சக்கரத்தின் பக்கம் விடவில்லை. ஸ்டோரில் கம்பிவலைக்குப் பின்னால் உட்கார வைத்து, கேட்கிறவர்களுக்கு நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். கொஞ்ச நாள், "ஜாக்கியண்ணே, அரை இஞ்ச் நட்டைத் தூக்க முடியுமா, ஆள் அனுப்பவா?" என்று சிரித்தார்கள். பிறகு கேலியை நிறுத்திவிட்டு, "சார்" என்றார்கள். அதுதான் தாங்க முடியவில்லை என்று ஒரு நாள் அவளிடம் சொன்னார்.

மூன்றாம் வருடம் அவருடைய நடை நின்றது. முழங்கால் வலி என்றார், மழை என்றார், பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். ஐந்தாம் வருடம் அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் பிரிக்காத மாத்திரை அட்டைகள் ஒரு பை நிறையக் கிடைத்தன. ஒன்றேகால் வருடத்து அட்டைகள்.

"நல்லாத்தானே இருக்கேன்" என்றார்.

அந்த வாக்கியத்தை அவள் எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை மாறாமல் அதேதான். அவள் கத்தினாள், அழுதாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். தையல்காரரின் மனைவிக்காவது போன் செய்து கேட்க ஓர் ஆள் இருந்தாள். இவள் யாரிடம் போனைக் கொடுப்பாள்? மூன்றாம் நாள் அவராகவே மாத்திரையைப் பிரித்து, அவள் கண்ணெதிரே வாயில் போட்டு, "ஆ" என்று நாக்கை நீட்டிக் காட்டினார். அதற்கப்புறம் ஒரு வேளை தவறவிடவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

ஏழாம் வருடம் அவர் உட்கார்ந்துகொண்டு சட்டைப் பொத்தான் போட ஆரம்பித்தார். முதலில் அவள் அதைக் கவனிக்காதது போல இருந்தாள். பிறகு குளித்துவிட்டு வந்து கட்டில் விளிம்பில் ஐந்து நிமிடம் சும்மா இருந்தார். ஒரு நாள் காலையில், தலையைத் துவட்டப் பாதிக்குத் தூக்கிய கை அப்படியே நின்றது.

"நெஞ்சு வலி வருகிறதா?" என்று கேட்டாள். வாய் திறந்ததும் அதுதான் வந்தது, தாளில் இருந்தபடியே, ஓர் எழுத்து மாறாமல்.

"போன்ல பேசற குரல்ல எங்கிட்டப் பேசாத" என்றார்.

பெரிய டாக்டரின் இடத்தில் இப்போது ஒரு பெண் டாக்டர் இருந்தார். ஆஞ்சியோ எடுத்துத் திரையில் போட்டுக் காட்டினார். நெஞ்சிலிருந்து போட்ட குழாய் ஓடிக்கொண்டிருந்தது. காலிலிருந்து எடுத்த மூன்றும் அடைத்துவிட்டன. மருந்து உள்ளே போகிறது, கொஞ்ச தூரம் கறுப்பாகத் தெரிகிறது, சட்டென்று ஒன்றுமில்லை.

"மறுபடி ஆபரேஷன் பண்ண முடியாதா டாக்டர்?" என்று அவர் கேட்டார்.

"ஒட்டறதுக்கு நல்ல இடம் இல்லங்க. கீழ இருக்கற குழாயெல்லாம் நூல் மாதிரி இருக்கு. ஸ்டென்ட்டும் வைக்க முடியாது. மாத்திரையிலயே பாத்துக்கலாம்."

அவர் தலையாட்டிவிட்டு வெளியே போனார். அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணேகால் வருஷம் மாத்திரை போடாம இருந்தாரு டாக்டர். அதனாலயா?"

"இருக்கலாம். போட்டிருந்தாலும் அடைச்சிருக்கலாம். சொல்ல முடியாதும்மா."

"ஒருத்தர் ஒருத்தராப் பாத்தாச் சொல்ல முடியாதுல்ல" என்றாள் அவள். டாக்டருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை.

அன்று மாலை மகள் போன் செய்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, உன் லிஸ்ட்ல இதே மாதிரி ஆனவங்க இருப்பாங்கல்ல? அவங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு?" என்றாள்.

இருந்தார்கள். பதினேழு பேர். ஒவ்வொருவருடைய குரலும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஒருவர் ஆறு மாதத்தில் போனார். ஒருவர் ஒன்பது வருடமாக இருக்கிறார், பேரனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கிறார்.

"தெரியலடி" என்றாள்.

அந்த மாதமும் பட்டியல் வந்தது. அது பதினெட்டாம் வருடம். பட்டியலில் நூற்று நாற்பத்துமூன்று பேர் உயிரோடு இருந்தார்கள், நாற்பத்தொரு பேர் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. லாரிக்காரர் இருந்தார். லாரியை விற்றுவிட்டு மகன் வீட்டில் இருந்தார். எழுபத்தாறு வயது.

"இன்னும் இருக்கேன் தங்கச்சி. குறிச்சிக்க."

அவள் கேள்விகளைப் படித்தாள். பாதியில் அவளால் முடியவில்லை. மூன்றாம் கேள்வியையே திரும்பப் படித்தாள்.

"என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு? வீட்ல யாருக்காவது முடியலையா?"

பதினெட்டு வருடத்தில் யாரும் அவளைப் பற்றி எதையும் கேட்டதில்லை. அவள் சொன்னாள். அவர் நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் என்னம்மா சொல்றது. நான் உசுரோட இருக்கறது எனக்கே வெக்கமா இருக்கு இப்ப" என்றார்.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கண்ணே" என்றாள். அவரும் போனை வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. பிறகு அவருடைய மருமகள் சாப்பிடக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

ஆறு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு அவளும் கணவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். கடைத்தெரு வழியாக, பழைய கணக்குக்கு ஐந்து நிமிடத் தூரம். அவர் ஐம்பது அடிக்கு ஒரு தடவை நின்றார். மூச்சு வாங்க நிற்கிறோம் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக, கடைக் கண்ணாடிகளுக்கு முன்னால் நின்று உள்ளே இருப்பதைப் பார்ப்பது போல நடித்தார். கைக்கடிகாரக் கடை. பாத்திரக் கடை. பெண்களின் உள்ளாடைக் கடை முன்னால் நின்று, எதற்கு முன் நிற்கிறோம் என்று தெரிந்ததும், "ச்சே" என்று அடுத்த கடைக்கு நகர்ந்தார். அவள் சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க மூச்சு போதவில்லை.

அடுத்தது செருப்புக்கடை. வாசலில் நின்றுகொண்டிருந்த நடுத்தர வயதுக் கடைக்காரர், "உள்ள வாங்க சார், உக்காந்து பாருங்க" என்றார். ‘உக்காந்து’ என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவள் கணவரின் முழங்கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

"எட்டாம் நம்பர்" என்றார் அவர், பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே.

கடைக்காரர் முட்டிபோட்டு, பழைய ஷூவைக் கழற்றி, காலுறையையும் உருவினார். காலுறையின் விளிம்பு கணுக்காலுக்கு மேல் ஒரு பள்ளமாகப் பதிந்திருந்தது. எட்டாம் நம்பர் நுழையவே இல்லை. கட்டைவிரலால் புறங்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "எட்டுங்கறீங்க, காலு ஒன்பது கேக்குதே சார்?" என்றார். அவர் விரலை எடுத்த இடத்தில் குழி அப்படியே நின்றது. மெதுவாக, மிக மெதுவாக நிரம்பியது. அந்தக் குழி என்னவென்று அவளுக்குத் தெரியும். இதயம் இறைத்துத் தள்ள முடியாத நீர் காலில் இறங்கி நிற்கிறது. காலையில் டாக்டர் காலுறையைக் கழற்றிப் பார்க்கவில்லை.

கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். "என்ன?"

"ஒண்ணுமில்ல. ஒன்பதே போட்டுப் பாருங்க" என்றாள்.

கடைக்காரரிடம் கறுப்பில் காட்டச் சொன்னாள். பிறகு பழுப்பில். கயிறு வைத்தது, கயிறு இல்லாதது, தோல், ரப்பர். பெட்டி மேல் பெட்டியாக அடுக்கினார் அவர். "உங்க வீட்டம்மாவுக்குச் சுலபத்துல பிடிக்காது போல" என்றார். "முப்பது வருஷமா இப்படித்தான்" என்றார் கணவர். பேச்சு இப்போது இடையில் அறுபடாமல் வந்தது. அவள் இன்னும் இரண்டு ஜோடி கேட்டாள்.

பழுப்பு நிறத்தில் ஒன்பதாம் நம்பர் ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். மறுநாள் அவரை டாக்டரிடம் அழைத்துப் போய்க் காலைக் காட்டி, நீர் இறங்க ஒரு மாத்திரை எழுதி வாங்கி வந்தாள். பத்து நாளில் கால் வற்றிவிட்டது. ஷூ லொடலொடவென்று ஆகிவிட்டது. அவர் இரண்டு காலுறை மாட்டிக்கொண்டு, "உன் பேச்சக் கேட்டு வாங்கினேன் பாரு" என்று வாசலில் நின்று திட்டினார். அடுத்த மாதம் கால் மறுபடி வீங்கி, ஒன்பதாம் நம்பரும் இறுக்கிப் பிடித்தது.